வெள்ளைச் சாலைக்காரர்களுக்கு ஒரு நன்றி மடல்

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், சியெனா நகரில் தொடங்கி சியெனாவிலேயே முடியும் ஒரு வட்டத்தை நானும் என் தங்கையும் இந்த மே மாதம் நான்கு நாளில் சைக்கிளில் சுற்றி வந்தோம். ஏறத்தாழ 190 கி.மீ. தேர்ந்த பந்தய வீரர்கள் ஒரே நாளில் முடித்துவிடும் தூரம். எங்களுக்கு நான்கு நாள் சரியாக இருந்தது. கோவைக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. நன்றி சொல்ல வேண்டிய முகங்கள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. பாதிப் பேருக்குப் பெயர் தெரியாது. அவர்களுக்குத் தமிழும் தெரியாது. ஆனாலும் மனதில் இருப்பதை முழுதாகச் சொல்ல எனக்குத் தமிழில்தான் வரும்.

முதல் நன்றி, சியெனாவில் எங்களுக்கு வாடகைக்குச் சைக்கிள் கொடுத்த கடைக்காரர் ஐயாவுக்கு. 32 மி.மீ. டயர் போதும் என்று முன்பே எழுதியிருந்தோம். நாங்கள் போகும் வழியை வரைபடத்தில் பார்த்தீர்கள். ஒன்றும் பேசாமல் உள்ளே போய், 40 மி.மீ. டயர் போட்ட வண்டிகளை உருட்டிக்கொண்டு வந்தீர்கள். காற்றையும் நன்றாகக் குறைத்துவிட்டீர்கள். சரளையில் சக்கரம் துள்ளாமல் தரையைப் பிடித்து ஓட அதுதான் வழி என்பது முதல் இறக்கத்திலேயே புரிந்தது. அப்புறம் சீட்டுக்கு அடியில் தொங்கும் பையில் விரல் நீள அலுமினியத் துண்டு ஒன்றைப் போட்டு, ஏதோ சொன்னீர்கள். எங்களுக்கு விளங்கவில்லை. தலையாட்டிவிட்டுக் கிளம்பினோம்.

அடுத்து, அந்தச் சாலைகளைச் சாலைகளாக விட்டுவைத்தவர்களுக்கு. தார் போடாத, சுண்ணாம்புக் கல் பொடி பரந்த பாதைகளை அங்கே ‘ஸ்ட்ராதே பியாங்கே’ என்கிறார்கள், வெள்ளைச் சாலைகள். ஒவ்வொன்றாக இவை தாருக்குள் மறைந்துகொண்டிருந்தபோது, காப்பாற்ற வேண்டும் என்று கிளம்பியவர்களில் முக்கியமானவர் ஜான்கார்லோ ப்ரொச்சி. 1997இல் அவர் தொடங்கிய ‘லெரோய்கா’ பழைய சைக்கிள் ஓட்டத்துக்கு முதல் முறை வந்தவர்கள் 92 பேர். இன்று ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். காயோலே என்னும் சிற்றூரில் தொடங்கி அங்கேயே முடியும் 209 கி.மீ. வழி முழுக்க ஆண்டு முழுவதும் நிற்கும் கைகாட்டிகள் உண்டு. நாங்கள் போனதில் பெரும்பகுதி அந்த வழிதான். 2007இல் பிறந்து, 2015 முதல் பெண்களுக்கும் நடக்கிற தொழில்முறைப் பந்தயம் இந்தச் சாலைகளின் பெயரையே வைத்துக்கொண்டது. நான் வளர்ந்த ஊரில் மண் சாலை என்றால் தார் வரும் நாளுக்காகக் காத்திருக்கும் சாலை. மழைக்குப் பின் பள்ளம் நிரப்பி, ஓரத்து வாய்க்காலைத் தூர்வாரி, மண் சாலையாகவே ஒன்றைப் பேணுவதற்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்பதை அங்கேதான் கண்டேன். மண்வெட்டியோடு நின்று எங்களுக்கு வழிவிட்ட அந்த இரண்டு தொழிலாளர்களுக்கும் வணக்கம்.

முர்லோவுக்கு முன்னால் ஓர் ஏற்றத்தில், கேட்காமலே தண்ணீர்க் குப்பியை வாங்கிக்கொண்டு உள்ளே போன பாட்டிக்கு நன்றி. டஸ்கனி ரொட்டியில் உப்பு போடுவதில்லை. அதை வாட்டி, மேலே ஆலிவ் எண்ணெயை ஊற்றி, உப்பைத் தூவிக் கொண்டுவந்து தந்தார். எத்தனையோ சாப்பிட்டோம், அந்தத் துண்டுக்கு ஈடாக ஒன்றையும் சொல்ல மாட்டேன்.

மறுநாள் புவோன்கொன்வென்டோவிலிருந்து மொன்டல்சீனோ. சுமார் 150 மீட்டர் உயரத்திலிருந்து 560 மீட்டருக்கு ஏற வேண்டும். அதில் என் காலுக்குத் தெம்பு கொடுத்தவர் எங்கள் சைக்கிள் குழுவின் மூத்த அண்ணன். “பேச்சு வருகிற வேகத்தில் ஏறு. பேச முடியவில்லை என்றால் கியரைக் குறை” என்று கோத்தகிரி மலைப்பாதையில் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தீர்கள், அண்ணா. கோட்டை வாசல்வரை நாங்கள் இருவரும் பேசிக்கொண்டேதான் ஏறினோம்.

மூன்றாம் நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அஷானோவைத் தாண்டினால் மொன்தே சாந்தே மாரியே. 11.5 கி.மீ. வெள்ளைச் சாலை. பந்தயத்தை மூன்று முறை வென்ற ஃபாபியன் கான்செல்லாராவின் பெயரை இந்தப் பகுதிக்கு வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் கிரேத்தே சேனேசி என்னும் களிமண் குன்றுகள். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த மண். மே மாதத்தில் கோதுமைப் பயிரால் பச்சையாக, நடுநடுவே பாப்பிப் பூக்களால் சிவப்பாக இருக்கிறது. முந்தின இரவு மழை. களிமண் டயரில் அப்பி, செயினில் ஏறி, பின் கியரைக் கவ்விக்கொண்டது. ஒரு செங்குத்தான ஏற்றத்தில் மிதித்தேன், ‘டக்’ என்று ஒரு சத்தம். கியரைத் தாங்கிப் பிடிக்கும் ஹேங்கர் இரண்டாக உடைந்து, கியர் செயினோடு தொங்கியது. அடுத்த ஊர் கண்ணுக்கே தெரியவில்லை. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டிராக்டரில் வந்த பெரியவரே, நீங்கள் வண்டியை நிறுத்தி இறங்கியதும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. குச்சியால் களிமண்ணைச் சுரண்டினீர்கள். பையைத் திறந்து காட்டச் சொன்னீர்கள். அந்த அலுமினியத் துண்டை எடுத்து உயர்த்தி “எக்கோ!” என்றீர்கள். இதோ இருக்கிறதே என்று அர்த்தம். கடைக்காரர் போட்டுவிட்டது மாற்று ஹேங்கர். ஒவ்வொரு சட்டகத்துக்கும் வேறு வேறு வடிவம் என்பதால் வழியில் எங்கே தேடினாலும் கிடைத்திருக்காது. முக்கால் மணி நேரம் தரையில் முழங்காலிட்டு அதைப் பொருத்தி, கியர் ஒவ்வொன்றாக விழுகிறதா என்று பார்த்தீர்கள். பணத்தை எடுத்தபோது என் கையை மூடிவிட்டீர்கள். அடுத்த மேடு ஏறி முடிக்கும்வரை டிராக்டரை எங்கள் பின்னாலேயே மெதுவாக ஓட்டிவந்தீர்கள். “பியானோ, பியானோ” என்ற உங்கள் குரல், மெதுவாக, மெதுவாக என்று இன்னும் கேட்கிறது. எங்கள் அப்பா இருந்திருந்தால் அப்படித்தான் வந்திருப்பார்.

அன்று மாலை காஸ்தெல்நுவோவோவில் எங்கள் கோலத்தைப் பார்த்ததும் தோட்டக் குழாயைக் கையில் கொடுத்து, வண்டிகளைக் கழுவ இடம் காட்டி, பீச்சி என்னும் தடித்த நூல் பாஸ்தாவை இரண்டாம் முறையும் பரிமாறிய விடுதி அம்மாவுக்கு நன்றி. நான்காம் நாள் ராடாவுக்குப் போகும் வழியில், எதிரே வந்த லாரியைக் கைகாட்டி நிறுத்தி எங்களைக் கடக்கவிட்ட கியான்டி திராட்சைத் தோட்டத்துப் பெண்களுக்கும். சியெனாவுக்குள் சான்டா காத்தரீனா தெருவின் கடைசிச் செங்குத்தில் ஓரம் ஒதுங்கி “ஃபோர்ட்சா!”, விடாதே, மிதி என்று கத்தி எங்களை ஏற்றிவிட்ட பிள்ளைகளுக்கும்.

கடைக்காரர் ஐயா, புது ஹேங்கருக்கு நீங்கள் காசு வாங்கவில்லை. உடைந்த துண்டு என் சாவிக்கொத்தில் இருக்கிறது. அதே வடிவத்தில் இரண்டு வாங்கி உங்களுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அடுத்து அந்த வண்டியை எடுப்பவர்கள் பையில் ஒன்றைப் போட்டுவிடுங்கள். கூடவே ஒரு படமும் வரும். டிராக்டர் பெரியவரும் என் தங்கையும் களிமண் கையோடு நிற்கிற படம். அவர் வீடு, சாலையின் இடப்பக்கம், தனியாக நிற்கும் சைப்ரஸ் மரத்துக்கு எதிரே. அந்தப் பக்கம் போகும்போது கொடுத்துவிடுங்கள்.