ஜப்பான் செல்வோருக்கு வலியின் சொற்களையும் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைவாய்ப்பு குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விசா, சம்பளம், என்-4 மொழித்தேர்வு எல்லாம் விவரமாக இருந்தன. நாகோயா பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் நான் இந்த வேலைதான் செய்கிறேன். கிளம்பி வரப்போகிற தம்பி, தங்கைகளுக்காக ஒரு விஷயம்.

இங்குள்ள பாட்டிமார் வெறுமனே 'வலிக்கிறது' என்று நிறுத்துவதில்லை. நாம் விண்விண்ணென்று தெறிக்கிறது, சுருக்சுருக்கென்று குத்துகிறது என்போமே, அதே மாதிரிதான். நாடித் துடிப்போடு சேர்ந்து தெறித்தால் 'ஸுக்கிஸுக்கி'. ஊசியால் குத்துவதுபோல் இருந்தால் 'சிக்குசிக்கு'. தோல் எரிந்தால் 'ஹிரிஹிரி'. வயிற்றைப் பிடித்துக்கொண்டு 'கிரிகிரி' என்றால் கூர்மையான, கடுமையான வலி. 'ஷிக்குஷிக்கு' என்றால் லேசாக, ஆனால் விடாமல் இருக்கும் வலி. நர்ஸிடம் தகவல் சொல்லும்போது இந்த வேறுபாடு மிக முக்கியம். சாப்பாட்டிலும் அப்படித்தான். 'பாஸாபாஸா' என்றால் ஈரப்பசையில்லாமல் வறண்டது, விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு அது ஆபத்து. குழைவாக வழுக்கிக்கொண்டு இறங்கினால் 'தோரோதோரோ'.

என் பயிற்சி வகுப்பில் இலக்கணமும் 'கான்ஜி' எனப்படும் சீன வழி எழுத்துகளும் ஒழுங்காக நடத்தினார்கள். இந்தச் சொற்களை மட்டும் குழந்தைப் பேச்சு என்று தள்ளிவிட்டார்கள். எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு. 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு, வடகிழக்கில் உள்ள தோஹோகு பகுதிக்கு வெளியூர்களிலிருந்து மருத்துவக் குழுக்கள் போயின. அந்த வட்டார முதியவர்கள் உடல்நலக் குறைவைச் சொன்ன விதம் ஜப்பானிய மருத்துவர்களுக்கே புரியவில்லை. அதனால்தான் ஜப்பானின் தேசிய மொழி ஆய்வு நிறுவனம் அந்த வட்டாரத்தின் இத்தகைய சொற்களைத் தொகுத்து 2012இல் வெளியிட்டது. அப்படியிருக்க, இதைக் குழந்தைப் பேச்சு என்று எப்படி ஒதுக்குவது?

தமிழ் பேசுகிறவர்களுக்கு இது கடினமே இல்லை. இரட்டைக்கிளவிக்குத் தொல்காப்பியமே விதி சொல்லியிருக்கிறது. அன்றாடம் நம் வாயில் புழங்குவதும் அதுதான். பயிற்சி நிலையங்கள் வாரம் ஒரு வகுப்பை இதற்கு ஒதுக்கட்டும். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவைக்க வேண்டாம். ஒருவர் நோயாளியாக நடிக்க, மற்றவர் கேட்டுக் குறிப்பெழுதும் பயிற்சியாக இருக்கட்டும். தங்கள் கட்டுரையின் அடுத்த பகுதியில் இதையும் சேர்த்தால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாகோயா, ஜப்பான்