விளையாட்டு விழாவும் ஒரு கோல்ஃப் தொப்பியும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு ஒரு பழைய ஓட்டப் பந்தயத்தைப் போட்டுக் காட்டினோம். அன்று மாலையே இரண்டு பேர் கூப்பிட்டு, "படிக்கிற நேரத்துல இது எதுக்கு சார்?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். எல்லோருக்குமாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

அது 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் 800 மீட்டர் இறுதிப் போட்டி. வெள்ளை கோல்ஃப் தொப்பியோடு ஓடுபவர் டேவ் வாட்டில். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக்காரர், அப்போது கல்லூரி மாணவர். நீண்ட முடி கண்ணில் விழாமல் இருக்கப் போட்ட தொப்பி, போகப்போக ராசியான தொப்பி ஆகிவிட்டது. அந்த ஆண்டுதான் யூஜின் நகரில் நடந்த தகுதிப் போட்டியில் 1 நிமிடம் 44.3 நொடியில் ஓடி உலக சாதனையைச் சமன் செய்திருந்தார். அப்புறம் முழங்கால் வலி வந்து பயிற்சி கெட்டுப்போனது.

இறுதிப் போட்டியில் எட்டுப் பேர். தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே தொப்பிக்காரர் கடைசி. முன்னால் போகிற ஆளோடுகூட ஒட்டவில்லை. ஆறாம் வகுப்பு வரிசையில் சிரிப்பு கேட்டது. கடைசி வளைவு தாண்டியதும் அந்தச் சிரிப்பு கூச்சலாக மாறியது. ஒவ்வொருவராகத் தாண்டி, கோட்டருகே சோவியத் வீரர் அர்ஷானவையும் பிடித்துவிட்டார். அர்ஷானவ் எட்டிப் பாய்ந்து கீழேயே விழுந்தார். வித்தியாசம் 0.03 நொடி.

பி.டி. சார் படத்தை நிறுத்தி ஒரு கணக்குப் போட்டார். நம் மைதானத்தில் ஒரு சுற்று 200 மீட்டர். வாட்டில் ஒவ்வொரு 200 மீட்டரையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், 26க்கும் 27க்கும் இடைப்பட்ட நொடிகளில், ஓடியிருக்கிறார். கடைசியில் அவர் பறந்த மாதிரி தெரிகிறதே தவிர, மற்றவர்கள் தளர்ந்ததுதான் நடந்தது. அதே மியூனிக்கில் 1500 மீட்டரில் அவர் அரையிறுதியோடு வெளியேறினார் என்பதையும் மறைக்காமல் சொன்னோம்.

இதை உங்களுக்கு எழுதக் காரணம் போன வருட விழா. 800 மீட்டரில் எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நிதானமாகப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். கயிற்றுக்கு வெளியே நின்றவர்கள் "ஓடு, ஓடு, விடாதே!" என்று கத்த, இரண்டாவது சுற்றிலேயே முழு மூச்சில் பாய்ந்தாள். நான்காவது சுற்றை விலாவைப் பிடித்துக்கொண்டு நடந்து முடித்தாள். கத்தியவர்களில் நானும் ஒருவன். ஆகவே இந்த முறை முதல் இரண்டு சுற்றுக்குக் கைதட்டல் மட்டும் போதும். மூன்றாவதிலிருந்து தொண்டை கிழியக் கத்துங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

வாட்டில் 1974இல் தொழில்முறை ஓட்டத்துக்குப் போனார். பிறகு பயிற்சியாளர் ஆனார். அதற்கப்புறம் மெம்ஃபிஸ் நகரின் ரோட்ஸ் கல்லூரியில் பல ஆண்டுகள் மாணவர் சேர்க்கைப் பொறுப்பில் இருந்தார். வருடாவருடம் சேர்க்கை நேரத்தில் தலைவலியோடு திரிகிற எனக்கு, பதக்கத்தைவிட இதுதான் பெரிய சாதனையாகத் தெரிகிறது.

இன்னொன்று. பிள்ளைகள் எல்லோரும் தொப்பி கேட்கிறார்களாம். வெயிலுக்கு நல்லதுதான், கொடுத்தனுப்புங்கள். ஆனால் தேசிய கீதத்தின்போது கழற்றச் சொல்லிவிடுங்கள். பதக்க மேடையில் வாட்டில் அதை மறந்துபோய் நின்று, ஏதோ எதிர்ப்புக் காட்டுகிறார் என்று நிருபர்கள் நினைக்க, மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

அன்புடன்,
தலைமையாசிரியர்