காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கச் சொன்னவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

பாஹா 1000 பந்தயத்தைப் பார்க்கப் போன எங்கள் கூட்டத்தில் வயதானவர்களும் இருந்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருந்தார்கள். போன அத்தனை பேரும் போனபடியே திரும்பியிருக்கிறோம். காதுக்குள்ளிருந்து இன்னமும் மண் வருகிறதே தவிர வேறு சேதாரம் இல்லை. அதற்குக் காரணமானவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்கு ஸ்பானிய மொழியில் தனியாக எழுதி அனுப்பிவிட்டோம். ஆனாலும் ஊரறியச் சொல்ல வேண்டிய நன்றியை நம் மொழியில் சொல்லாவிட்டால் சொன்ன மாதிரியே இல்லை.

விவரம் தெரியாதவர்களுக்காக: மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தில் 1967இல் தொடங்கிய பாலைவனப் பந்தயம் இது. அந்த முதல் ஓட்டம் திஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை. இப்போதெல்லாம் பெரும்பாலும் என்செனாடாவில் கிளம்புகிறது. சில வருடம் லா பாஸ் வரை போகும், சில வருடம் சுற்றிவந்து என்செனாடாவிலேயே முடியும். மோட்டார் சைக்கிள், பக்கி என்கிற இலகுவான மணல்வெளி வண்டி, பழைய வோக்ஸ்வேகன், ராட்சத ட்ரோஃபி டிரக் எல்லாம் ஒரே பாதையில், இரவு பகலாக ஓடும். ஸ்டேடியம் கிடையாது, டிக்கெட் கிடையாது. முக்கால்வாசி இடங்களில் ஒரு கயிறுகூடக் கட்டியிருக்காது. யாரும் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். வம்பே அங்கேதான்.

முதல் நன்றி, பிட் வேலைக்கு, அதாவது வழியில் நிற்கும் பந்தய வண்டிகளுக்கு எரிபொருள் நிரப்பிப் பழுது பார்க்கும் வேலைக்கு, பல வருடமாகப் போய்வரும் எங்கள் அண்ணனுக்கு.

அண்ணா, கிளம்புவதற்கு முன்னால் எல்லாரையும் உட்காரவைத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டினீர்களே, அதுதான் எங்களுக்கு விழுந்த முதல் அடி. பாதையிலிருந்து குறைந்தது 100 அடி தள்ளி நில் என்பது அங்கே எல்லாரும் சொல்லும் வாய்ப்பாடு. மணிக்கு 150 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 42 மீட்டர் கடந்துவிடும். 100 அடி என்பது 30 மீட்டர்தான். முக்கால் விநாடி. "வண்டி தப்பி வந்தா ஓடிடுவேன்னு எவன் சொன்னாலும் நம்பாதே, முக்கால் விநாடியில நீ வாயைக்கூடத் திறந்திருக்க மாட்டே" என்றீர்கள். ட்ரோஃபி டிரக் என்றால் கிட்டத்தட்ட 2,700 கிலோ. 800 குதிரைத்திறனுக்கு மேல். பின் சக்கரம் 2 அடிக்கு மேல் ஏறி இறங்கும். அந்தப் பாரம் ஒரு முறை உருள ஆரம்பித்தால் எந்தக் கள்ளிச்செடியும் நிறுத்தாது.

ஆகவே தூரம் மட்டும் போதாது, இடம் பார்க்க வேண்டும் என்று நீங்கள் வரைந்து காட்டிய படம் இன்னும் என் போனில் இருக்கிறது. வளைவில் பிடி விட்ட வண்டி நேரே போகும், அதனால் வெளிப்பக்கம் ஆகாது. மேடு தாண்டி எகிறும் இடத்தில் வண்டி இறங்கும் பக்கம் ஆகவே ஆகாது. புகைப்படக்காரர்கள் மொய்க்கும் இடம் அதுதான் என்பது வேறு விஷயம். பாதையைவிட உயரமான கரை, அதுவும் வளைவு தொடங்குவதற்கு முந்தின பக்கம் இருந்தால் உத்தமம். முதுகுக்குப் பின்னால் ஒதுங்க வழி இருக்க வேண்டும். பாறைக்கும் பாதைக்கும் நடுவே மாட்டிக்கொள்ளக் கூடாது.

2010 ஆகஸ்ட் 14ஐயும் சொன்னீர்கள். அமெரிக்கப் பக்கம், மொஹாவி பாலைவனத்தில் ஜான்சன் பள்ளத்தாக்கு. கலிபோர்னியா 200 பந்தயம், பொழுது சாயும் நேரம். ஒரு டிரக் மேட்டில் எகிறி, நிலைதவறி, கூட்டத்துக்குள் உருண்டது. எட்டுப் பேர் இறந்தார்கள். பாதையை ஒட்டியே ஜனம் நின்றிருந்தது, தடுப்பு என்று ஒன்றும் இல்லை. நீங்கள் அதைக் கதையாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, பிள்ளைகளைப் பார்த்து, "வண்டியைத் தொட்டுப் பார்க்கணுமா? முந்தின நாள் என்செனாடாத் தெருவில எல்லா வண்டியும் சோதனைக்கு வரிசையா நிற்கும், அங்கே தொட்டுக்கோங்க" என்றீர்கள். அங்கேயே அவர்களின் ஆசை தீர்ந்தது. பந்தயத்தன்று ஒருவனும் கிட்டே போக அடம்பிடிக்கவில்லை. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியாது.

அடுத்து, என்செனாடாவுக்குக் கிழக்கே இருக்கும் ஓஹோஸ் நேக்ரோஸ் பள்ளத்தாக்கின் பண்ணைப் பெரியவருக்கும் அவர் வீட்டாருக்கும்.

ஐயா, உங்கள் நிலத்தில் எங்களை நிற்கவிட்டதற்கு முதலில் நன்றி. வந்து இறங்கியதுமே ஒரு கைப்பிடி மண்ணை அள்ளித் தூவினீர்கள். ஏதோ சடங்கு என்று எங்கள் பாட்டி கைகூப்பிவிட்டார். நீங்கள் பார்த்தது காற்று போகும் திசையை. அந்தப் பள்ளத்தாக்கின் பொடிமண் கோதுமை மாவு மாதிரி. ஒரு வண்டி கடந்தால் பல நிமிடம் அந்தரத்தில் நிற்கும். புழுதி அடிக்கும் பக்கம் நின்றால் அடுத்து வருவது நமக்குத் தெரியாது, நாம் நிற்பது ஓட்டுகிறவருக்கும் தெரியாது. முன்னால் போகும் வண்டியின் பின்புற மஞ்சள் விளக்கு ஒன்றைத்தான் அவர் தேடிக்கொண்டிருப்பார், மனிதர்களை அல்ல. காற்று வரும் பக்கத்துக் கரைக்கு எங்களை மாற்றினீர்கள். எதிர்ப்பக்கம் நின்றவர்களை நாங்கள் பாதி நேரம் பார்க்கவே முடியவில்லை.

ஹெலிகாப்டரைக் கவனிக்கச் சொன்னதும் நீங்கள்தான். முன்னணி டிரக்குகளுக்கு மேலே அவரவர் குழுவின் ஹெலிகாப்டர் தாழப் பறந்து வரும். சத்தம் கேட்டால் டிரக் வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே விரலை ஆட்டி, "சத்தம் இல்லையென்றால் வண்டி இல்லை என்று அர்த்தம் இல்லை" என்பதையும் சைகையிலேயே சொன்னீர்கள். மோட்டார் சைக்கிளுக்குப் பெரும்பாலும் ஹெலிகாப்டர் வராது. எதிர்க்காற்றில் சைக்கிளின் சத்தமும் சரியாகக் கேட்காது. பாதையை ஒருவர் குறுக்கே கடந்தாலே உங்களுக்குக் கோபம் வந்ததன் காரணம் அப்புறம்தான் புரிந்தது.

மண்வெட்டியோடு வந்த அந்த இளவட்டங்களைத் துரத்தியதற்குத் தனியாக ஒரு கும்பிடு. பாதையில் குழி வெட்டி, மண்மேடு போட்டு, வண்டி எகிறுவதைப் படம் பிடிப்பதை அங்கே சிலர் விளையாட்டாகவே வைத்திருக்கிறார்கள். கூட்டம் கண்ணில் பட்டாலே ஏதோ வெட்டிவைத்திருக்கிறார்கள் என்று ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைப்பதற்குக் காரணம் இதுதான். என்னைக் கேட்டால் இது கொலைக்குச் சமம். உங்களுக்கும் அதே எண்ணம் போலிருக்கிறது. நீங்கள் வாயே திறக்கவில்லை. போய் அவர்கள் பக்கத்தில் நின்று, கையை நீட்டினீர்கள். மண்வெட்டி உங்கள் கைக்கு வந்தது. வெட்டிய குழியை உங்கள் மகன் மூடி, பூட்ஸ் காலால் மிதித்துக் கெட்டித்தார்.

நெடுஞ்சாலையில் எங்களுக்கு முன்னால் போய் வழிகாட்டிய சேஸ் டிரக் (பந்தய வண்டிக்கு உதவியாகச் சாலை வழியே தொடர்ந்து போகும் வண்டி) ஓட்டுநர் அம்மாவுக்கும் நன்றி. பந்தயப் பாதையைவிட அந்த 3ஆம் எண் சாலைதான் எனக்குப் பயமாக இருந்தது. சாலைக்கு ஓரமே கிடையாது, இரவில் மாடுகள் நடுரோட்டில் படுத்திருக்கும், பந்தயக் குழுக்களின் வண்டிகள் வேறு பறக்கும். முன்னால் போகும் லாரி இடது பக்க விளக்கைச் சிமிட்டினால் அங்கே இரண்டு அர்த்தம்: "முந்திக்கொள்" என்றும் இருக்கலாம், "நான் இடப்பக்கம் திரும்புகிறேன்" என்றும் இருக்கலாம். இதைச் சொல்லிக்கொடுத்து, "சந்தேகம் வந்தால் பின்னாலேயே போ" என்றீர்களே, அது ஒன்றே போதும். அமெரிக்கக் காப்பீடு மெக்சிகோவில் செல்லாது, எல்லையைத் தாண்டும் முன் அங்கத்திய காப்பீடு வாங்கு என்று அலுக்காமல் நினைவூட்டியதும் நீங்களே.

இனிச் சொல்லப்போவது செஞ்சிலுவைத் தொண்டர்களுக்கு. அங்கே குரூஸ் ரோஹா என்பார்கள்.

நவம்பர் மாதத்தில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. இருட்டிய பிறகு நாங்கள் நின்ற கரைக்கு அந்தப் பக்கம், மேட்டைத் தாண்டிய பொடிமண்ணில் ஒரு மோட்டார் சைக்கிள் விழுந்தது. விளக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. எங்கள் பையன்கள் இரண்டு பேர் பாய்ந்துவிட்டார்கள். நல்ல மனசுதான். ஆனால் மேட்டுக்குப் பின்னால் இன்னொரு வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. ஒரு தொண்டர் பெண், எங்கள் அண்ணன் மகள் வயசுதான் இருக்கும், இருவரையும் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கரையிலேயே உட்காரவைத்தார். பெரியவரின் மகன் கரையோடே மேட்டுக்கு முன்னால் ஓடி, அங்கே நின்று டார்ச்சைக் கீழ்நோக்கி ஆட்டினார். வருகிறவரின் கண்ணில் அடிக்கவில்லை, தரையில் ஆட்டினார். வந்த பக்கி வேகம் குறைத்து விலகிப் போனது. அதன் பிறகுதான் தொண்டர்கள் இறங்கினார்கள்.

அதற்குள் இன்னொருவர் ரேடியோவில் பேசி முடித்திருந்தார். "விபத்து, சீக்கிரம் வாங்க" என்று கத்தவில்லை. பந்தயப் பாதையில் நட்டிருந்த மைல் பலகையின் எண், பாதைக்கு எந்தப் பக்கம், ஆள் பேசுகிறார், மூச்சு விடுகிறார், தோள்பட்டை நகரவில்லை. இவ்வளவுதான். போன் சிக்னலே இல்லாத இடத்தில் அந்த மைல் எண்தான் முகவரி. நின்ற இடத்தின் எண்ணை வந்தவுடன் எழுதிவைக்கும்படி அண்ணன் எங்களையும் பழக்கியிருந்தார். அன்றைக்குத்தான் அது எதற்கு என்று கண்ணால் கண்டோம். தலைக்கவசத்தை யாரும் கழற்றவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை, தூக்கி உட்காரவைக்கவில்லை. அந்தப் பெண் மண்ணில் மண்டியிட்டு அடிபட்டவரின் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்தபடியே ஆம்புலன்ஸ் வரும்வரை ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அடிபட்டவர் சிரித்ததுகூடக் கேட்டது. தோள்பட்டை விலகியதோடு போயிற்று என்று மறுநாள் தகவல் வந்தது.

அம்மா தாயே, எங்கள் பிள்ளைகளின் காலரைப் பிடித்து இழுத்த அந்தக் கைக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? பையன்கள் இருவரும் உங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஸ்பானிய இலக்கணத்தை மன்னிக்கவும்.

இன்னும் சிலர். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மிளிரும் பட்டியைக் கையில் கட்டி, விசில் ஊதினால் வந்து நிற்கப் பழக்கிய எங்கள் அக்கா. வண்டிகளைப் பாதையிலிருந்து வெகுதூரத்தில், வெளியேறும் பக்கம் முகம்பார்த்து நிறுத்தவைத்த மாமா. அவரைக் கிண்டல் செய்தவர்கள் இரவு நெரிசலில் வாயை மூடிக்கொண்டார்கள். இருட்டில் நெருப்பு ஓட்டுநரைக் குழப்பும் என்று குளிரில் நடுங்கியபடியே கணப்பைக் கரைக்குப் பின்னால், பாதைக்குத் தெரியாத மறைவில் மூட்டிக்கொண்ட பக்கத்துக் கூட்டத்தார். காதடைப்பான் பொட்டலத்தை நீட்டிவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போன மனிதர்.

குரூஸ் ரோஹா மெக்சிகோவில் நன்கொடையை நம்பி நடப்பது. எங்களால் முடிந்ததைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். நீங்கள் அந்தப் பக்கம் போனால், சந்திப்புகளில் சிவப்புச் சிலுவை போட்ட உண்டியலைக் கார் கண்ணாடியருகே நீட்டுவார்கள். கண்ணாடியை இறக்கிப் போட்டுவிட்டுப் போங்கள்.

நன்றியுடன்,
எங்கள் பயணக் கூட்டத்தார் அனைவரின் சார்பில்