புழலுக்கு வரப்போகும் கயலுக்கு

பெரம்பூர்

அன்புள்ள கயல்,

அடுத்த மாதம் சட்ட உதவி வழக்கறிஞராகப் புழல் பெண்கள் சிறைக்கு வரப்போகிறாய். "வெளிநாட்டுக்காரங்க கேஸ் வந்தா என்னம்மா பண்றது?" என்று கேட்டாயே, போனில் சொன்னால் மனதில் நிற்காது. எழுதிவிடுகிறேன்.

சிறை வாசலில் கைதியைப் பார்க்க மனு போட நிற்கிறவர்களைப் பார். வியாசர்பாடியிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் மாற்றுத்துணியோடு வந்திருப்பார்கள். கென்யாவிலிருந்தோ கொலம்பியாவிலிருந்தோ வந்து பிடிபட்டவளுக்கு மனு போட ஆளில்லை. அவள் கொண்டுவந்த பெட்டியை வழக்குச் சொத்தாக எடுத்துக்கொள்வார்கள். கைதான அன்று உடுத்தியதுதான் உடுப்பு. உள்ளாடை, நாப்கின், செருப்பு இருக்கிறதா என்று முதல் நாளே கேள். இல்லையென்றால் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடு. வழக்குக்குச் சம்பந்தமில்லாத துணியையும் பணத்தையும் திருப்பிக் கேட்டு கோர்ட்டில் மனு போடு.

அப்புறம் பெயர். இதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். எஃப்.ஐ.ஆரில் ஒரு மாதிரி, சிறையில் அடைக்கச் சொல்லும் ரிமாண்ட் வாரண்டில் இன்னொரு மாதிரி இருக்கும். குடும்பப் பெயர் முன்னால் வந்து சொந்தப் பெயரே காணாமல் போயிருக்கும். அப்படியே விட்டால், இப்படி ஒருத்தி எங்கள் பதிவில் இல்லை என்று தூதரகம் கைவிரித்துவிடும். பாஸ்போர்ட் நகலைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபார். உன்னை வக்கீலாக அமர்த்தும் வக்காலத்திலும் அதே பெயர்தான் இருக்க வேண்டும். அவள் தன் மொழியிலேயே கையெழுத்துப் போடட்டும். சிறை அதிகாரியின் சான்றொப்பம் வாங்க மறக்காதே.

தன் கைதைத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லும் உரிமை அவளுக்கு 1963 வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது பிரிவில் இருக்கிறது. ஆனால் அவளைக் கேட்காமல் எழுதிவிடாதே. சொந்த அரசுக்குப் பயந்து ஓடி வந்தவளென்றால், அந்தக் கடிதத்தாலேயே ஊரில் இருக்கும் அவள் பிள்ளைகளுக்கு ஆபத்து வரும்.

நீ பேசுவதற்கெல்லாம் தலையாட்டுவாள். புரிந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. அடுத்த வாய்தா என்றைக்கு, எதற்கு என்று அவளையே திருப்பிச் சொல்லச் சொல். பக்கத்துக் கைதியை வைத்து வழக்கு விவரம் பேசவே பேசாதே. அந்தக் கைதியே இதே வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட இன்னொருத்தியாக இருக்கலாம். மொழிபெயர்ப்பாளர் கேட்டு கோர்ட்டில் மனு கொடு.

போதைப்பொருள் வழக்கென்றால் முதலில் எடையைப் பார். ஹெராயின் 250 கிராமை, கோகெய்ன் 100 கிராமைத் தாண்டிவிட்டாலே வணிக அளவு. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 37ஆவது பிரிவு ஜாமீனை இறுக்கிப் பிடிக்கும். கலப்படத்தையும் சேர்த்துத்தான் எடை என்று 2020இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. பெண்ணை உடல் சோதனை செய்தது பெண்தானா என்று, சோதனையையும் பறிமுதலையும் எழுதிவைக்கும் மகஜரில் தேடு. பொருள் பெட்டியில் இருந்ததென்றால் அதே சட்டத்தின் 50ஆவது பிரிவை நம்பி நேரத்தை வீணாக்காதே; அது உடல் சோதனைக்கு மட்டும்தான். வணிக அளவு வழக்கென்றால் ரிமாண்ட் தேதியிலிருந்து 180 நாளை டைரியில் குறித்து வை. அதற்குள் குற்றப்பத்திரிகை வராமல், கோர்ட் அவகாசமும் நீட்டிக்காமல் இருந்தால் அன்றைக்கே ஜாமீன் மனு போட்டுவிடு. மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால், அதற்குள் விசாரணை அதிகாரிகள் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்துவிடுவார்கள்.

ஜாமீன் என்றதும் உச்ச நீதிமன்றத்தின் 1994 தீர்ப்பைக் காட்டி, இவள் நாட்டை விட்டுப் போகமாட்டாள் என்று தூதரகம் உறுதிக் கடிதம் தர வேண்டும் என்பார்கள். பல தூதரகங்கள் தருவதில்லை. அந்தக் கடிதம் எல்லா வழக்குக்கும் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 8 அன்று சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பின் நகல் எப்போதும் உன் பையில் இருக்கட்டும். உள்ளூர் ஜாமீன்தாரர் கிடைக்கமாட்டார். அதற்குப் பதில் ரொக்கம் கட்ட அனுமதி கேள். எங்கே தங்குவாள் என்பதை முன்கூட்டியே பார்த்து வை. முகவரி இல்லாததாலேயே ஜாமீன் கிடைத்தும் உள்ளே கிடப்பவர்கள் உண்டு.

விடுதலையே ஆனாலும் விசா முடிந்திருக்கும். பாஸ்போர்ட்டைக் கோர்ட்டிலிருந்து வாங்கு. நுங்கம்பாக்கம் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் வெளியேறும் அனுமதி வாங்கு. இரண்டையும் தீர்ப்பு நாளுக்கு முன்பே தொடங்கு.

வீட்டோடு பேச அனுமதி கேட்டுக் கண்காணிப்பாளருக்கு மனு எழுதும்போது நேரத்தையும் சேர்த்து எழுது. நமக்குக் காலை பத்தரை என்றால் கொலம்பியாவில் நள்ளிரவு. மாலை நாலரைக்குக் கேள். அங்கே காலை ஆறு மணி, அவள் பிள்ளை எழுந்திருக்கும்.

அன்புடன்,
அம்மா