தகயானகியை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த ஜாஸ் கட்டுரையை ஆசையாகப் படித்துக்கொண்டு வந்தேன். ஜப்பான் பகுதியில் மசாயுகி தகயானகியை "கிடாரில் இரைச்சல் எழுப்பியவர்" என்று ஒரே வரியில் முடித்திருந்ததைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

1932இல் டோக்கியோவில் பிறந்தவர் அவர். முதலில் வாசித்தது சுத்தமான கூல் ஜாஸ், அதாவது அலட்டாமல் நிதானமாக வாசிக்கும் பாணி; அமெரிக்கப் பியானோ கலைஞர் லென்னி டிரிஸ்டானோ என்றால் அவருக்கு உயிர். 1969இல் நியூ டைரக்‌ஷன்ஸ் குழுவைத் தொடங்கிய பிறகுதான் நீங்கள் சொல்லும் அந்த இரைச்சல் வருகிறது. அதிலும் அவர் இரண்டு வழி வைத்திருந்தார். ஒன்று மாஸ் புரொஜெக்‌ஷன்: ஃபீட்பேக்கும் (கிடார் ஒலி ஒலிபெருக்கி வழியே திரும்பத் திரும்பச் சுற்றி எழும் ஊளை) டிரம்ஸும் ஒன்றன்மேல் ஒன்றாக அடைத்துக்கொண்டு வரும், கேட்பவருக்கு மூச்சுவிட இடம் கிடைக்காது. இன்னொன்று கிராஜுவலி புரொஜெக்‌ஷன். அதில் ஒரு தந்தியை மீட்டிவிட்டு அந்த ஒலி தேய்ந்து அடங்கும்வரை விட்டுவிடுவார், அடுத்தது எப்போது வரும் என்று நாம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கைக்கு வந்ததை அடிக்கிறவர் இப்படிப் பிரித்து யோசிப்பாரா, சொல்லுங்கள். 1970இல் சாக்ஸபோன் கலைஞர் கவோரு அபேயுடன் இந்த இரண்டையும் வாசித்திருக்கிறார்; அபேக்கு அப்போது 21 வயது, இவருக்கு 37.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஜப்பானின் சன்ரிசுகா என்ற ஊரில் ஒரு விழா. நரிதா விமான நிலையத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்துப் போராடியவர்களின் விழா அது. கூட்டத்துக்கு நியூ டைரக்‌ஷன்ஸ் குழுவின் இசை பிடிக்கவில்லை, ஒரே கூச்சல். ஆனாலும் வாசித்தார்கள். அந்தப் பதிவு இன்றும் கிடைக்கிறது, "லா கிரிமா" என்று பெயர். எனக்கு அதைவிட வருத்தமான கதை வேறு: 1975இல் நியூயார்க்கின் ஈஎஸ்பி இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஓர் ஆல்பம் பதிவு செய்தார், அந்த நிறுவனமே படுத்துவிட்டது, ஆல்பம் வெளிவந்தது 1991இல். அவர் 58 வயதில் இறந்ததும் அதே ஆண்டுதான்.

எண்பதுகளில் கிடாரை மேசைமேல் படுக்கவைத்து ஆக்‌ஷன் டைரக்ட் என்ற பெயரில் தனியாக இரைச்சலாகவே வாசித்தார். சரி, அதே காலத்தில்தான், 1982இல், "லோன்லி உமன்" ஆல்பமும் வந்தது. தனிக் கிடார் மட்டும். அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் அந்த மெட்டை எவ்வளவு நிதானமாக எடுத்து வைக்கிறார் என்று ஒருமுறை கேட்டால் போதும், மெல்லிய வாசிப்பை அவர் ஒருநாளும் கைவிடவில்லை என்பது புரிந்துவிடும்.

இன்று உலகமெங்கும் பேசப்படும் ஜப்பானிய இசைக்கலைஞர் ஓட்டோமோ யோஷிஹிதே இவரிடம் கிடார் படித்தவர். அதுவும் உங்கள் கட்டுரையில் இல்லை. இணைப்பில் அரைப் பக்கமாவது இவருக்கென்று ஒதுக்கி, கட்டுரையாளரையே மறுபடி எழுதச் சொல்லுங்கள். அதற்கு முன் "லோன்லி உமன்" ஆல்பத்தை அவர் முழுதாகக் கேட்டுவிட வேண்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்