பேய் வீட்டுக்குள் எங்களைச் சிரிக்க வைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் பேய் நகைச்சுவைப் படங்களை எழுதுகிற, இயக்குகிற, தயாரிக்கிற அனைவருக்கும்,

வணக்கம்.

உங்கள் படங்களில் ஒன்று திரைக்கு வரும் ஒவ்வொரு முறையும் பார்வையாளர்கள் இரு தரப்பாகப் பிரிந்து நிற்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். குடும்பத்தோடு போய் வாய்விட்டுச் சிரித்துவிட்டு வந்தோம், பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்திருந்தது என்று ஒரு தரப்பு சொல்லும். பயமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை, பார்த்த கதையையே இன்னொரு பங்களாவில் வைத்துக் காட்டிவிட்டார்கள் என்று மறு தரப்பு சொல்லும். 2023 செப்டம்பரில் 'சந்திரமுகி 2' வந்தபோதும், 2024 மே மாதக் கோடை விடுமுறையில் 'அரண்மனை 4' வந்தபோதும் இதுவே நடந்தது. விமர்சகர்களுக்கு இந்தப் படங்கள் பிடிக்காது, மக்களுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான் என்று இந்தப் பிளவைத் திரையுலகில் பலரும் விளக்கிவிடுகிறார்கள். அந்த விளக்கம் உங்களுக்கு வசதியானது. ஆனால் உண்மையானது அன்று என்று எடுத்துச் சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன்.

பிளவு ஆட்களுக்கு இடையே இருந்தால், ஒரே ஆள் ஒரு பேய்ப் படத்தைக் கொண்டாடிவிட்டு அடுத்ததைத் திட்டிக்கொண்டு வெளியே வரமாட்டார். அப்படி வருகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். 2005 ஏப்ரல் 14 அன்று வெளியான 'சந்திரமுகி'யைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய அதே குடும்பங்கள்தாம், பதினெட்டு ஆண்டுகள் கழித்து அதே இயக்குநரின் கையால், அதே வேட்டையபுரம் அரண்மனைக்குள், அதே முருகேசனாக வடிவேலு திரும்பி வந்தபோது ஏமாற்றத்தோடு வெளியே வந்தன. நடுவில் அவர்கள் ரசனை உயர்ந்துவிடவும் இல்லை, தாழ்ந்துவிடவும் இல்லை. முதல் படத்தில் சிரிப்பு அந்த அரண்மனையில் பிறந்தது. இரண்டாவதில் அது வெளியிலிருந்து கொண்டுவந்து வைக்கப்பட்டிருந்தது. கருத்து வேறுபாடு தொடங்கும் இடம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதல் படத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். இருட்டில் ரஜினிகாந்த் நடித்த சரவணனோடு அரண்மனைக்குள் நடக்கிற முருகேசன், துணைக்கு வந்தவர் பக்கத்தில்தான் இருக்கிறார் என்று நினைத்துப் பேசிக்கொண்டே போகிறார். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. அரங்கமே அதிரச் சிரித்த அந்த இடத்தில், அந்த அரண்மனையில் பேய் இருக்கிறதா இல்லையா என்பது முருகேசனுக்கும் தெரியாது, பார்த்துக்கொண்டிருக்கிற நமக்கும் தெரியாது. அவருடைய பயம் நமக்குள்ளும் இருந்த பயம். நாம் அடக்கிக்கொண்டதை அவர் வெளியே காட்டினார், அதனால் சிரித்தோம். அதே படத்தில் மனைவி மீதான சந்தேகத்தை வைத்து அவருக்கு எழுதப்பட்ட நகைச்சுவையை இன்று தொலைக்காட்சியில் பார்த்தால் சலிப்புத்தான் வருகிறது. அது எந்தப் படத்திலும் ஒட்டவைத்திருக்கக்கூடிய நகைச்சுவை. இருட்டில் நடக்கிற காட்சியோ அந்த அரண்மனைக்கு மட்டுமே சொந்தமானது, ஆகவே இன்னும் பழசாகவில்லை.

சிரித்துப் பழகிய அந்த அரங்கத்தை ஒரே கணத்தில் வாயடைக்க வைத்த காட்சியும் அதே படத்தில்தான் இருக்கிறது. வெளியே போக வேண்டாம் என்று கணவன் தடுக்கும்போது ஜோதிகா நடித்த கங்காவின் குரல் மாறுகிறது, கண்கள் மாறுகின்றன, கட்டிலை ஒரு பக்கமாகத் தூக்கிவிடுகிறாள். அதுவரை அடித்த கூத்து எதுவும் அந்தக் காட்சியைக் கெடுக்கவில்லை. கூத்து நடந்துகொண்டிருந்தபோதே கங்காவின் மனம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளந்துகொண்டிருந்ததைத் திரைக்கதை மறக்கவில்லை என்பதுதான் காரணம். 1993இல் பாசில் இயக்கத்தில் வந்த மலையாள மூலமான 'மணிச்சித்ரதாழ்' இந்த ஒழுங்கை இன்னும் கறாராகக் கடைப்பிடித்தது. சில காட்சிகள் பத்மநாபபுரம் அரண்மனையின் மரத் தாழ்வாரங்களில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தில், தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நாட்டியக்காரி நாகவல்லியாக மாறிப்போகிற பெண்ணை நடித்த சோபனா தேசிய விருது பெற்றார்; ஜனரஞ்சகப் படத்துக்கான தேசிய விருதும் அதற்கே கிடைத்தது. நடுவர்களும் மக்களும் ஒரே படத்தில் ஒன்றுசேர முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

'சந்திரமுகி 2' இந்த அடித்தளத்தையே எடுத்துவிட்டது. முதல் படத்தில் பேய் என்பது கங்காவின் மனநோயாக விளக்கப்பட்டது; அந்த அரண்மனையில் முன்பு கொல்லப்பட்ட நாட்டியக்காரி சந்திரமுகியாகவே அவள் தன்னை நினைத்துக்கொள்கிறாள். அந்த நோயைத் தீர்க்க அவளுடைய பழிவாங்கும் வெறிக்கு சந்திரமுகியைக் கொன்ற அரசன் வேட்டையனின் பொம்மையைப் பலிகொடுக்கிற தந்திரமும் அந்த விளக்கத்திலிருந்தே பிறந்தது. இரண்டாம் பாகத்தில் ஆவி உண்மையிலேயே வந்து இறங்கிவிடுகிறது. ஆவி வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆவி வரும் வீடு என்றால் அந்த ஆவியால் என்ன முடியும், என்ன முடியாது, யாரை அது தொடும், யாரை விட்டுவிடும் என்பது எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அது தெரியாதவரை, முகத்தில் திடீரென்று பாய்கிற உருவமும் காதைப் பிளக்கிற ஒலியும் எங்களைத் திடுக்கிட வைக்குமே தவிர, பயப்பட வைக்காது.

ஆவிக்கான இத்தகைய விதியைத் தெளிவாகச் சொன்ன படம் எப்படி ஓடும் என்பதற்கு அதே 2023ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. ஜூலை 28 அன்று, எந்தப் பழைய அரண்மனைப் பெருமையும் இல்லாமல் வந்த 'டிடி ரிட்டர்ன்ஸ்' படத்தில், புதுச்சேரிப் பக்கத்துப் பாழடைந்த பங்களா ஒன்றில் பணப்பையைத் தேடிப் போகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு காலத்தில் அங்கே உயிரைப் பணயம் வைத்துச் சூதாட்டம் நடத்திய குடும்பத்தின் ஆவிகள், உள்ளே வந்தவர்களையும் அதே ஆட்டத்தை ஆடச் சொல்கின்றன; தோற்றால் சாவு. இந்த ஒற்றை விதி போதுமாக இருந்தது. சாவு எதிரே நிற்கிறபோது ஒருவர் செய்கிற முட்டாள்தனம் ஒவ்வொன்றும் சிரிப்பாகவும் ஆபத்தாகவும் ஒருசேர மாறியது. அதைப் பாராட்டியவர்களில், வழக்கமாக உங்கள் படங்களைக் குறைசொல்கிற விமர்சகர்களும் இருந்தார்கள், வழக்கமாகக் குடும்பத்தோடு வருகிறவர்களும் இருந்தார்கள். பிரமாண்டமான பங்களா, பெயர்பெற்ற நடிகை, வரைகலை உருவங்கள் ஆகியவற்றுக்குச் செலவிடுகிற பணத்தில் ஒரு சிறு பங்கை, திரைக்கதை எழுதுகிறவர் இன்னும் சில மாதங்கள் உட்கார்ந்து எழுதுவதற்குச் செலவிட்டிருந்தால், மக்கள் கைவிட்ட பல படங்கள் பிழைத்திருக்கும்.

பேயின் துயரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழ்ப் பேய்ப் படத்தின் உயிர் பெரும்பாலும் இடைவேளைக்குப் பிறகு வருகிற அந்தப் பழைய கதையில்தான் இருக்கிறது. 2011இல் வந்த 'காஞ்சனா' படத்தைப் பார்த்தவர்களிடம் கேளுங்கள். பேயைக் கண்டு கதாநாயகன் தாயின் இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொள்வதை நினைத்துச் சிரிப்பவர்கள்கூட, சரத்குமார் நடித்த அந்தத் திருநங்கையைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். வீட்டார் ஒதுக்கிவிட, தன்னைப் போன்ற ஒருத்தியை வளர்த்து மருத்துவம் படிக்கவைத்து, மருத்துவமனை கட்ட வாங்கிய நிலத்துக்காகக் கொல்லப்பட்ட ஒருத்தியின் கோபம் அது. 'அரண்மனை 4' படத்தில், அசாமிய நாட்டுப்புறக் கதைகளில் வருகிற உருமாறும் 'பாக்' என்ற ஆவியைக் கொண்டுவந்தது புதுமையான யோசனை. ஆனாலும் மக்கள் மனத்தில் நின்றது இறந்த பிறகும் பிள்ளைகளைக் காக்கத் துடிக்கிற தாய்தான். இவ்வளவு வலுவான ஒன்று கையில் இருக்கும்போது, அடுத்த காட்சியிலேயே ஒருவருடைய உடல் பருமனையோ, நிறத்தையோ, பெண்தன்மையையோ கேலிசெய்து சிரிப்பை வரவழைக்க வேண்டிய தேவை உங்களுக்கு ஏன் வருகிறது? இழிவுபடுத்தப்பட்டுச் செத்தவளுக்காக எங்களைக் கண்கலங்க வைத்துவிட்டு, உயிரோடு இருப்பவரை இழிவுபடுத்திச் சிரிக்கச் சொல்வது பொருந்தாது. இந்த வகைப் படங்களே வேண்டாம் என்று பலர் ஒதுங்குவதற்கு இதுவும் காரணம். அவர்களை ரசனை இல்லாதவர்கள் என்று தள்ளிவிடாதீர்கள்.

உங்கள் சிரிப்புப் படத்தின் விளம்பரத்தை நம்பிச் சின்னப் பிள்ளைகளோடு வந்துவிட்டு, பாதியில் அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிற பெற்றோரையும் எண்ணிப் பாருங்கள். அவர்களுடைய கோபம் படத்தைப் பற்றியது அன்று, படம் அறிமுகப்படுத்தப்பட்ட விதத்தைப் பற்றியது. 2024ஆம் ஆண்டுத் தணிக்கை விதிகளின்படி, பெற்றோர் வழிகாட்டுதலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்று சொல்லும் யு/ஏ சான்றிதழ் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அந்த எண்ணைச் சுவரொட்டியின் மூலையில் எறும்பளவுக்கு அச்சிடாமல், நடிகர் பெயருக்குக் கீழே கண்ணில் படும்படி போடுங்கள். முன்னோட்டத்தில் நகைச்சுவையை மட்டும் தொகுத்துக் காட்டி, கொடூரக் காட்சிகளை அரங்கத்துக்கு ஒளித்துவைக்கும் பழக்கத்தையும் விடுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய புரட்சி எதுவும் அன்று. அடுத்த படத்துக்கு ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்ததும், பாட்டு எத்தனை, நகைச்சுவை நடிகர்கள் யார் என்று முடிவுசெய்வதற்கு முன்னால், அந்த வீட்டில் செத்தது யார், ஏன் செத்தார், அவருக்கு இப்போது என்ன வேண்டும் என்பதை முழுமையாக எழுதிவிடுங்கள். அதன் பிறகு, அந்த வீட்டில் ஓர் இரவு தங்க நேர்ந்தால் மட்டுமே நிகழக்கூடிய நகைச்சுவையை எழுதச் சொல்லி உங்கள் வசனகர்த்தாக்களிடம் கேளுங்கள். கல்யாண வீட்டிலோ காவல் நிலையத்திலோ அப்படியே நடத்திவிடக்கூடிய நகைச்சுவைக் காட்சி எதுவாக இருந்தாலும், எவ்வளவு பெரிய நடிகருக்காக எழுதியிருந்தாலும், அதை நீக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் படங்களுக்குத் தொடர்ந்து டிக்கெட் எடுக்கிற ஒரு ரசிகர்