ஹைபிரிட் காருக்கு ரிமோட் ஸ்டார்ட்டர்: பணம் கட்டுமுன் பார்க்கவேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரொறன்ரோவில் குளிர் தொடங்கியதும் உங்கள் விளம்பரப் பக்கங்களில் "எல்லா வகைக் கார்களுக்கும் ரிமோட் ஸ்டார்ட்டர்" என்ற வாசகம் வந்துவிடுகிறது. காருக்குள் ஏறாமலே அதை இயக்கிவைக்கும் இந்தப் பெட்டி, பழைய கொரோலாவுக்கும், பெற்றோலோடு மின்சாரத்திலும் ஓடும் ராவ்-4 ஹைபிரிட்டுக்கும் ஒன்றே போதும் என்ற எண்ணத்தை இது உண்டாக்குகிறது. நம்மவர்களில் பிரியஸ், கம்ரி ஹைபிரிட், ராவ்-4 ஹைபிரிட் ஓட்டுபவர்கள் இன்று ஏராளம். அவர்கள் பணம் கட்டுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

ரொயோட்டா ஹைபிரிட்டில் வழக்கமான ஸ்டார்ட்டர் மோட்டரே கிடையாது. பட்டனை அழுத்தியதும் 12 வோல்ற் பற்றரி காரின் கணினிகளை இயக்குகிறது. அவை காரை ஓட்டும் பெரிய பற்றரியை ரிலே என்ற மின்சுவிட்சுகள் வழியே இணைக்கின்றன. டாஷ்போர்டில் "ரெடி" விளக்கு எரிகிறது. கார் ஓடுவதற்கு அவ்வளவே போதும். எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருந்தால் அதைக் கியர்ப்பெட்டிக்குள் இருக்கும் எம்ஜி1 என்ற மின்மோட்டர் பார்த்துக்கொள்ளும். குளிர்காலக் காலையில் ரெடி வந்து சில விநாடிகள் கழித்தே எஞ்சின் இயங்கத் தொடங்கும். ஹீற்றருக்குச் சூடு போதுமென்றால் நின்றுவிடும், தேவைப்பட்டால் மறுபடி இயங்கும்.

மலிவான பெட்டிகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். சாதாரண ரிமோட் ஸ்டார்ட்டர் எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் சிக்னலைப் பார்த்து, அல்லது ஸ்டார்ட்டர் சுற்றும்போது பற்றரி வோல்ற்றேஜ் விழுவதைப் பார்த்து, எஞ்சின் பிடித்துக்கொண்டதா என்று முடிவுசெய்யும். ஹைபிரிட்டில் ஸ்டார்ட்டர் சுற்றுவதும் இல்லை, வோல்ற்றேஜ் அப்படி விழுவதும் இல்லை. பெட்டி சிறிது நேரம் காத்திருந்துவிட்டு "பிடிக்கவில்லை" என்று எண்ணி மீண்டும் பட்டன் சிக்னலை அனுப்பும். ஏற்கெனவே ரெடியில் இருக்கும் கார் அந்த இரண்டாவது சிக்னலில் அணைந்துவிடும். மூன்றாம் முயற்சியில் மறுபடி எழும். இன்னொரு வகையில், எஞ்சின் தன்பாட்டில் ஓய்வெடுக்கும்போது "நின்றுவிட்டது" என்று பெட்டி காரை மூடிவிடும். காரில் எந்தப் பழுதும் இருக்காது, ஆனால் உரிமையாளர் காரணம் புரியாமல் கராஜுக்கு அலைவார்.

எனவே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது: "உங்கள் பெட்டி ரெடி நிலையைக் காரின் கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் கான் (CAN) வலையமைப்பிலிருந்து நேரடியாக வாசிக்குமா? என் காரின் மாதிரிக்கும் ஆண்டுக்கும் உரிய ஹைபிரிட் ஃபேர்ம்வெயர் (பெட்டியை இயக்கும் மென்பொருள்) அதில் ஏற்றப்பட்டிருக்கிறதா?" மொன்றியலைச் சேர்ந்த ஃபோர்டின், ஐடேற்றாலிங்க் போன்றவற்றின் மொடியூல்களுக்கு எந்த மாதிரிக்கு எந்த ஃபேர்ம்வெயர் என்ற பட்டியல் உண்டு. கடைக்காரர் அந்தப் பட்டியலில் உங்கள் காரைக் காட்ட வேண்டும். "எல்லாத்துக்கும் வேலை செய்யும்" என்று சொல்லி நழுவினால் வேறு கடை பாருங்கள்.

அதற்கும் முன்னால், உங்கள் காரிலேயே இந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அண்மைய ரொயோட்டாக்கள் பலவற்றில் சாவியிலுள்ள லொக் பட்டனை இருமுறை தட்டி, மூன்றாம் முறை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் கார் இயங்கும். சில மாதிரிகளில் சந்தா கட்டியிருந்தால்தான் அது வேலை செய்யும். 2021 டிசம்பரில் அமெரிக்காவில் இது பெரிய சர்ச்சையானது. சந்தா பிடிக்காமல் இருக்கலாம். ஆனாலும் தொழிற்சாலையிலிருந்து வந்த அமைப்புக்கு ரெடி என்றால் என்னவென்று தெரியும், வயர் வெட்டும் வேலையும் இல்லை. அது இருக்கும் காரில் வேறு பெட்டி பொருத்துவது வீண் செலவு என்பதே என் உறுதியான கருத்து.

இனி, ரிமோட் ஸ்டார்ட்டரால் கிடைக்கும் சூடு எவ்வளவு? ஹைபிரிட் எஞ்சின் பெற்றோலை வீணாக்காமல் எரிப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. வீணாகும் வெப்பம் குறைவு என்பதால் நின்ற இடத்தில் மெதுவாகத்தான் சூடேறும். மைனஸ் 15 பாகையில் பத்து நிமிடம் இயக்கினால் கண்ணாடிப் பனி இளகும், ஸ்டியரிங்கைத் தொட முடியும். காரை அணைக்குமுன்பே முன்கண்ணாடி டிஃப்ரொஸ்ற்றை இட்டு, வெப்பத்தை 22இல் விட்டுப் போனால்தான் அதுவும் கிடைக்கும். பல கார்களில் மறுநாள் காலை ஹீற்றர் நீங்கள் கடைசியாக விட்ட நிலையிலேயே தொடங்கும். கோடையில் நிலைமை மேல். 2004 பிரியஸ் முதலே ஏசி கொம்பிரசர் மின்சாரத்தில் இயங்குவதால், பெரிய பற்றரியில் சார்ஜ் உள்ளவரை எஞ்சின் இல்லாமலே கார் குளிரும்.

வீட்டு வாசலில் மின்செருகி இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது பிளொக் ஹீற்றர்தான். எஞ்சினையும் அதிலுள்ள கூலன்ற் திரவத்தையும் அது மின்சாரத்தால் சூடாக்கும். ஏறத்தாழ 400 வாற் என்றால், புறப்படுமுன் மூன்று மணி நேரத்துக்கு 1.2 யூனிட்தான் செலவு. ஒரு டைமர் போதும், இரவு முழுக்க விடத் தேவையில்லை. வெளிப்பாவனைக்குரிய தடித்த எக்ஸ்ரென்ஷன் வயரையே பாவியுங்கள். பிளொக் ஹீற்றர் உள்ள காரில் ஹீற்றரிலிருந்து சூடு விரைவில் வரும், எஞ்சின் முழுக் குளிரில் இயங்கும் நேரமும் குறையும். மூன்று லீற்றர் எஞ்சின் பத்து நிமிடம் நின்றபடி இயங்கினால் 300 மில்லிலீற்றர் பெற்றோல் போகிறது என்பது கனடாவின் இயற்கைவளத் துறையின் கணக்கு. ஹைபிரிட்டின் எஞ்சின் சிறியது, செலவும் குறைவு. ஆனாலும் தினமும் இரண்டு முறை என்றால் ஹைபிரிட் வாங்கியதன் பயனில் ஒரு பங்கு வாசலிலேயே கரைகிறது. ரொறன்ரோ மாநகர விதிப்படி ஒரு மணி நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்ற காரின் எஞ்சினை வீணே இயங்க விடக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுக்குமாடித் திறந்தவெளித் தரிப்பிடத்தில் செருகி கிடையாது. இரவு வேலை முடிந்து வெறிச்சோடிய தரிப்பிடத்தில் பனி சுரண்டும் தாதிகள், கைக்குழந்தையோடு புறப்படும் தாய்மார், மூட்டு நோவுள்ள முதியவர்கள் இவர்களுக்கெல்லாம் ரிமோட் ஸ்டார்ட்டர் சொகுசுப்பொருள் அல்ல. அவர்கள் பொருத்தத்தான் வேண்டும், ஒழுங்காகப் பொருத்த வேண்டும்.

ஒழுங்கு என்றால், வயரை வெட்டாமல் காரின் இணைப்பிகளுக்கு இடையே செருகும் ரி-ஹார்னஸ் முதல் தேர்வு. அது இல்லாத மாதிரியில் வயரை உரித்துச் சொல்டர் பண்ணி இன்சுலேஷன் நாடா சுற்ற வேண்டும். வயரைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்ரிக் கிளிப் வேண்டாம். சப்பாத்தோடு உள்ளே வரும் உப்புநீரின் ஈரத்தில் அதன் முனை பச்சை பூத்து, இரண்டாம் குளிர்காலத்தில் ஹைபிரிட் எச்சரிக்கை விளக்குகள் வந்து வந்து போகும். அந்தப் பழுதைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும் பாடு. பெரிய பற்றரியின் உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொடவே தேவையில்லை. பழைய பிரியஸின் பெரிய பற்றரி 201.6 வோல்ற், ரிமோட் ஸ்டார்ட்டருக்கு வேண்டியதெல்லாம் 12 வோல்ற் பக்கத்திலேயே இருக்கிறது.

பொனட் திறந்திருப்பதைப் பெட்டிக்கு உணர்த்தும் சுவிட்சைப் பொருத்தாமல் விடும் கடைகள் உண்டு. அதற்கு இடம் கொடுக்காதீர்கள். ஹைபிரிட் சத்தமின்றி நிற்கும். பொனட்டைத் திறந்து ஒருவர் கை வைத்திருக்கும்போது வீட்டுக்குள் யாரோ ரிமோட்டை அழுத்தினால் எஞ்சின் எந்நேரமும் சுழலலாம். பொனட் திறந்திருந்தால் கார் எழவே கூடாது. மெக்கானிக்கிடம் விடும்போது பெட்டியை ரிமோட்டுக்கு இயங்காத வலே நிலையில் வைத்துவிட்டு, ரிமோட் ஸ்டார்ட்டர் இருப்பதை வாயாலும் சொல்லுங்கள்.

வீட்டோடு ஒட்டிய கராஜில் இதைப் பாவிக்கவே வேண்டாம், கதவு திறந்திருந்தாலும் வேண்டாம். சாதாரண கார் இயங்கினால் சத்தம் கேட்கும். ஹைபிரிட் அமைதியாக இருக்கும், அணைந்துவிட்டது என்று நினைத்து உள்ளே போவீர்கள். சற்று நேரத்தில் எஞ்சின் தானே எழுந்து கார்பன் மொனொக்சைட்டைக் கக்கும். அந்த வாயுவுக்கு மணமில்லை. சாவி இல்லாமல் இயங்கும் தன் கார்களுக்குத் தானியங்கி நிறுத்தத்தை ரொயோட்டா 2020 மாதிரிகளிலிருந்தே கொண்டுவந்தது. உங்களுடையது அதற்கு முந்தியதாக இருக்கலாம். பெட்டியின் இயங்கு நேரத்தைப் பத்து நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். வீட்டில் கார்பன் மொனொக்சைட் அலாரம் வேலை செய்கிறதா என்று இன்றைக்கே பட்டனை அழுத்திப் பாருங்கள்.

களவு பற்றியும் ஒரு சொல். 2023இல் கனடாவில் அதிகம் திருடப்பட்ட வாகனம் ரொயோட்டா ஹைலாண்டர். உரிய சாவி இல்லாமல் கார் இயங்காதபடி தடுக்கும் இம்மோபிலைசரைக் கடக்க உதிரிச் சாவியையே காருக்குள் ஒளித்து வைக்கும் பழைய முறையை எந்தக் கடை சொன்னாலும் ஏற்காதீர்கள். பெட்டியை ஸ்டியரிங்குக்குக் கீழே கை எட்டும் இடத்தில் தொங்கவிடாமல் உள்ளே ஆழமாகக் கட்டச் சொல்லுங்கள். காப்புறுதி முகவருக்கும் அறிவியுங்கள்.

கடைசியாக 12 வோல்ற் பற்றரி. ரெடியில் இருக்கும்போது மட்டுமே பெரிய பற்றரி இதைச் சார்ஜ் செய்யும். இது செத்தால் பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் கார் எழாது. பொருத்துமுன் ஓர் இரவு நின்ற காரில் வோல்ற்றேஜை அளந்து பாருங்கள். 12.4க்குக் கீழே இருந்தால் முதலில் பற்றரியைக் கவனியுங்கள். பெட்டி 20 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 0.48 ஆம்பியர்-மணி. டிசம்பரில் யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ ஒரு மாதம் போகிறீர்கள் என்றால் 14.4. காரின் சொந்த இழுப்பும் அதே அளவாயின் மொத்தம் 28.8. பல ஹைபிரிட்களின் 12 வோல்ற் பற்றரி ஏறத்தாழ 45 ஆம்பியர்-மணிதான், அதுவும் கடுங்குளிரில் சுருங்கிப்போகும். புறப்படும் நாளில் ரிமோட் ஸ்டார்ட்டரின் ஃபியூஸைக் கழற்றி வையுங்கள். நீண்ட பயணமென்றால் 10 மில்லிமீற்றர் ஸ்பனரால் பற்றரியின் நெகற்றிவ் முனையையும் கழற்றலாம். பற்றரி பின்பக்கம் உள்ள கார்களில் பின்கதவின் பூட்டு மின்சாரத்தில் இயங்கும்; ஆகவே திரும்பி வந்ததும் சாவிக்குள் இருக்கும் இரும்புச் சாவியால் ஓட்டுநர் கதவைத் திறந்து, பொனட்டுக்குக் கீழே ஃபியூஸ் பெட்டியிலுள்ள சிவப்பு மூடி முனையில் மின்சாரம் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த முனை எங்கே என்பதைப் போகுமுன்பே காரின் கையேட்டில் பார்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
வாகன மின்பணித் தொழில்நுட்பவியலாளர் ஒருவர்,
ஸ்காபரோ